கிரெனோபிளில் தயிர் தோய்ந்த கதை

எங்கள் வீட்டில் எல்லாருக்கும் நான் ஐடி வேலைக்காரி. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ‘சாஃப்ட் மேட்டர்’ என்பதைத் தமிழில் சொல்லப் போனால் ‘மென்பொருள்’ என்றுதான் வாயில் வருகிறது. அந்தச் சொல்லைக் கம்ப்யூட்டர்காரர்கள் முன்பே பிடித்து வைத்துக்கொண்டார்கள். பிரான்ஸுக்குப் போகிறேன் என்றதும் பெரியம்மா, “மென்பொருளுக்கு அவ்வளவு தூரமா? பெங்களூர்ல இல்லாததா?” என்றார். பால், தயிர், சோப்பு நுரை, பெயின்ட், ஷாம்பூ, நம் தோல் என்று கல்லாகவும் இல்லாமல் தண்ணீராகவும் இல்லாமல் நடுவில் தொளதொளவென்று நிற்கிற சமாசாரங்கள்தான் என் படிப்பு என்று விளக்கினேன். “அப்ப சமையல்னு சொல்லு” என்று முடித்துவிட்டார்.

கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே பகுதிநேரமாகப் பிஎச்டி செய்கிறேன். வயது 36. பிரான்ஸில் கிரெனோபிள் என்ற ஊரில் ‘இளம் ஆய்வாளர்களுக்கான பயிற்சி’ என்று போட்டிருந்த எட்டு நாள் வகுப்புக்கு விண்ணப்பித்தபோது, துறைத் தலைவர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். கிடைத்துவிட்டது. ஊர் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. குறிப்பேட்டில் கிறுக்கியதை நாள்வாரியாக இங்கே இறக்கி வைக்கிறேன்.

மார்ச் 10, ஞாயிறு

நான் வந்தேன், பெட்டி வரவில்லை. லியோன் விமான நிலையத்தில் பெல்ட் சுற்றிச் சுற்றி நின்றுபோனது. எந்த விமான நிறுவனம் என்று சொல்லிப் பயனில்லை, எல்லாம் ஒரே குட்டையில் ஊறியவை. துணி போனால் போகட்டும். பெட்டிக்குள் தெர்மோகோல் டப்பாவில் நான் நாலு மாதமாகப் பிரித்தெடுத்த கேசீன் பொடி இருந்தது. பாலில் இருக்கிற முக்கியப் புரதம் அது. இந்தப் பயணமே அந்தப் பொடியைக் கொண்டுபோய் எக்ஸ்ரேயில் காட்டத்தான். கூடவே அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கும் பருப்புப் பொடியும். கவுன்டரில் இருந்த பெண் ஒரு தாளைக் கொடுத்து, “இரண்டு நாளில் வரும்” என்றாள்.

பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல். கிரெனோபிள் நெருங்க நெருங்க மலைகள் பக்கத்தில் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரு பக்கம் ஷார்த்ரூஸ், மறு பக்கம் வெர்கோர், எதிரே பனி போர்த்திய பெல்டோன். ஊரோ உள்ளங்கை மாதிரி மட்டமாக நடுவில் கிடக்கிறது. கொடைக்கானல் அடிவாரம் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். இங்கே அடிவாரமே ஊர்.

ஞாயிறு மதியம், கடையெல்லாம் சாத்தல். பசியில் அலைந்து, ஸ்டேஷன் பக்கம் திறந்திருந்த ஒரே கடைக்குள் நுழைந்து, “ஒரு டாக்கோஸ்” என்றேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார், ஒன்றும் செய்யவில்லை. எனக்குப் பின்னால் வந்த கிழவி “பொன்ழூர்” என்று பாடியபடி நுழைந்தாள். அவர் முகம் மலர்ந்தது, அவள் ஆர்டர் போனது. பிறகுதான் உறைத்தது. இங்கே வணக்கம் சொல்லாமல் எதையும் கேட்கக்கூடாது. நம் ஊரில் கடைக்குள் போனதும் “அண்ணே, ரெண்டு டீ” என்போம், அந்த ‘அண்ணே’வே வணக்கம். இங்கே அது செல்லாது. மூச்சு வாங்கி “பொன்ழூர்” சொன்னேன், அவரும் சொன்னார், சாப்பாடு வந்தது. மெக்சிகோ டாக்கோஸுக்கும் இதற்கும் பெயர்தான் ஒற்றுமை. ரொட்டிக்குள் கோழி, பிரெஞ்சு ஃப்ரை, சீஸ் குழம்பு எல்லாவற்றையும் திணித்து இஸ்திரி போட்ட மாதிரி அமுக்கித் தருகிறார்கள். இந்தப் பக்கம் பிறந்த பண்டம்தானாம். 8 யூரோ. மனசு ரூபாய்க் கணக்குப் போடுவதை நிறுத்த மூன்று நாள் ஆனது.

மார்ச் 11, திங்கள்

பி டிராமில் கடைசி நிறுத்தம். இசேர், ட்ராக் என்ற இரண்டு ஆறுகள் சேரும் மூக்கில் வளாகம். ஒரே மதிலுக்குள் இரண்டு பூதங்கள் குடியிருக்கின்றன. ஒன்று ஐரோப்பிய சிங்க்ரோட்ரான், 844 மீட்டர் சுற்றளவுள்ள வளையம். அதில் எலெக்ட்ரான்களை ஓடவிட்டு எக்ஸ்ரே கறக்கிறார்கள். இன்னொன்று லாவே-லாஞ்செவின் நிலையம். 1967இல் பிரான்ஸும் ஜெர்மனியும் சேர்ந்து தொடங்கியது. அங்கே 58 மெகாவாட் அணு உலை. மின்சாரத்துக்கு இல்லை, நியூட்ரானுக்காக மட்டும்.

வாசலில் பாஸ்போர்ட் கொடுத்து அட்டை வாங்கி, கழுத்தில் கதிர்வீச்சு அளக்கும் பட்டை மாட்டிக்கொண்டு போனால், 24 பேர். நானே மூத்தவள். பாடம் எடுத்தவர்களில் பாதிப் பேர் என்னைவிடச் சின்னவர்கள். எல்லாரும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம். வாயைத் திறந்தால் எனக்கு ‘சார்’தான் வந்தது. எங்கள் குழுவின் பொறுப்பாளர் ஒரு பெண், முப்பது வயதுக்குள் இருப்பாள். அவளை நான் ‘மேடம்’ என்றதும் யாரோ வந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள்.

நாள் முழுக்க விரிவுரை. குறிப்பேட்டில் 14 பக்கம் இருக்கிறது, நினைவில் இரண்டே இரண்டு. ஒன்று, 1991இல் பியர்-ஜில் தெ ஜென் இயற்பியல் நோபல் வாங்கியபோது அவருடைய உரைக்குத் தலைப்பே ‘சாஃப்ட் மேட்டர்’. அதில் அவர் அமேசான் பழங்குடியினர் ரப்பர் பாலைக் காலில் பூசிப் பூட்ஸ் செய்த கதையிலிருந்து தொடங்குகிறார். இருநூறு கார்பன் அணுவில் ஒன்று ஆக்சிஜனோடு சேர்ந்தால் போதும், பால் திடமாகிறது. கொஞ்சூண்டு வேதியியல், தலைகீழ் மாற்றம். உறை ஊற்றும் எந்த அம்மாவுக்கும் தெரிந்ததுதான். இரண்டு, ‘மென்மையான பொருள்’ என்பதற்கான பிரெஞ்சுச் சொல் முதலில் அவருடைய குழுவில் இரட்டை அர்த்தக் கிண்டலாகப் புழங்கியதாம். ஆக, பெயரால் அவதிப்பட்டது நான் மட்டும் இல்லை.

மார்ச் 12, செவ்வாய்

அணுவிசை நுண்ணோக்கி. 1986இல் பின்னிக், குவேட், கெர்பர் மூன்று பேரும் கொண்டுவந்தது. லென்ஸ் கிடையாது. கண் தெரியாதவர் கைத்தடியால் தரையைத் தட்டிக்கொண்டே போவதுபோல, ஒரு நுண்ணிய நெம்புகோலின் நுனியில் உள்ள கூர்முனை பொருளைத் தடவிக்கொண்டே போகும். அது எவ்வளவு வளைகிறது என்பதை லேசர் காட்டிக்கொடுக்கும். முனையின் கூர்மை பத்து நானோமீட்டர் அளவு.

படத்தில் பார்க்க அழகு. கையில் எடுத்தால்தான் வேதனை. நெம்புகோல் ஒட்டியிருக்கும் சிலிக்கான் சில்லு ஒரு அரிசிக் குருணை அளவு. இடுக்கியால் பக்கவாட்டில் பிடித்து, பசைப் பெட்டியிலிருந்து நெம்பி எடுத்து, பிடிமானத்தில் சொருக வேண்டும். முதல் சில்லு இடுக்கியிலிருந்து டிங் என்று பறந்தது. எங்கே விழுந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. இரண்டாவதை ஒழுங்காக மாட்டி, லேசரையும் நெம்புகோல் முதுகில் உட்கார வைத்து, மாதிரியை நோக்கி இறக்கும்போது அவசரப்பட்டு ஒரு படி கூடுதலாகத் திருப்பினேன். திரையில் சிவப்புப் புள்ளி துள்ளி மறைந்தது. முனை காலி. ஒரு முனை இருபது முப்பது யூரோவாம். “போன தடவை ஒருத்தர் ஐந்து உடைத்தார், நீ இரண்டுதான்” என்று பொறுப்பாளர் தேற்றினாள். எங்கள் கல்லூரியாக இருந்தால் ஸ்டோர் கீப்பருக்கு விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பேன்.

மூன்றாவது முனை நிலைத்தது. அபிரகத் (மைகா) துண்டின்மேல் செலோடேப்பை ஒட்டி உரித்தால் மேல் ஏடு வந்துவிடும், கீழே புத்தம்புது மட்டப் பரப்பு. அதில் ஒரு சொட்டுக் கொழுப்புக் குமிழிக் கரைசல். கருவியை மூடி வைத்துவிட்டுப் பேசக்கூடாது, நாற்காலியை நகர்த்தக்கூடாது. வரிவரியாகப் படம் விரிந்தது. தீவுகள் மாதிரித் திட்டுகள், ஒவ்வொன்றும் நாலைந்து நானோமீட்டர் உயரம். நம் செல்லுக்கெல்லாம் மேல்தோலாக இருக்கிற கொழுப்பு இரட்டைப் படலம் அதே தடிமன்தான். பதினைந்து வருஷமாகக் கரும்பலகையில் வரைகிறேன். அன்றுதான் பார்த்தேன்.

சாயங்காலம் பெட்டியைப் பற்றி போன் வந்தது. பெட்டி ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கிறது. நாளை இரவு எங்களுக்கு எக்ஸ்ரே நேரம்.

“மாதிரி இல்லையென்றால் என்ன செய்ய?” என்றேன்.

“பால்தானே? கடையில் வாங்கு” என்றாள் பொறுப்பாளர்.

மார்ச் 13, புதன்

சூப்பர் மார்க்கெட்டில் பால் பாக்கெட்டுகள் பிரிட்ஜில் இல்லை, பிஸ்கட் அலமாரிக்குப் பக்கத்தில் ஆறாறாக அடுக்கியிருக்கின்றன. மூடி சிவப்பென்றால் முழுக் கொழுப்பு, நீலமென்றால் பாதி, பச்சையென்றால் கொழுப்பு நீக்கியது. கொழுப்புத் துளிகள் எக்ஸ்ரேயில் குறுக்கே வந்து குழப்பும் என்பதால் பச்சை மூடி ஒன்று, 1 யூரோ சொச்சம். பெருமையாகக் கொண்டுபோய் நீட்டினேன். அவள் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். அது அதிக வெப்பத்தில் காய்ச்சியது. அப்படிக் காய்ச்சும்போது பால் திரிந்தால் பிரிகிற தெளிநீரில் இருக்கும் புரதங்கள் உருக்குலைந்து கேசீன் உருண்டைகளின்மேல் ஒட்டிக்கொள்ளும். பிரிட்ஜில் ஒரு மூலையில் இருக்கிற ‘புதிய பால்’தான் வேண்டும். மறுபடி ஓடினேன். கடைசியில் இரண்டையும் வைத்து ஒப்பிடலாம் என்று முடிவானது. தப்பாக வாங்கியது சோதனையின் பாதியாகிவிட்டது.

இரவு பத்து மணிக்கு ஷிஃப்ட். என்னோடு போலந்துப் பையன், பிரேசில் பெண், ஒரு வங்காளத்துப் பையன். அவன் என்னை ‘தீதீ’, அதாவது அக்கா, என்று கூப்பிட ஆரம்பித்திருந்தான். ‘மேடம்’ பிரச்சினை அவனிடம் இல்லை.

முதலில் கருவியின் அளவுகோலைச் சரிபார்க்க வேண்டும். அதற்கு வைத்தது எலிவால் தசைநார். அதில் உள்ள கொலாஜன் என்ற புரதம் 67 நானோமீட்டருக்கு ஒரு முறை பட்டை பட்டையாகத் திரும்ப வரும், இயற்கை போட்ட ஸ்கேல். திரையில் கோடுகள் சீராக விழுந்தன. உதவிக்கு நின்ற இளைஞன் எந்த ஊர் என்று கேட்டான். மதுரை என்றால் புரியாதென்று, “மெட்ராஸ் பக்கம்” என்றேன். “ராமச்சந்திரன்!” என்றான். 1954இல் விஞ்ஞானிகள் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் மூன்று புரிகள் முறுக்கிய கயிறு என்று சொன்னது கிண்டியில் இருக்கும் பல்கலைக்கழக வளாகத்தில் உட்கார்ந்து. தோல் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த மாதிரியை வைத்து. அந்த வளாகத்தைத் தாண்டி எத்தனை முறை பஸ்ஸில் போயிருக்கிறேன், ஒரு நாளும் இறங்கியதில்லை. இதை அவனிடம் சொல்லவில்லை.

பிறகு தயிர். மோர் விட்டு உறை ஊற்றினால் பாக்டீரியா அதன் இஷ்டத்துக்கு வேலை செய்யும், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி. அதனால் குளுக்கோனோ லாக்டோன் என்ற வெள்ளைப் பொடி. தண்ணீரில் மெல்ல மெல்லப் புளிப்பாக மாறும். பத்து மில்லி பாலுக்கு 0.2 கிராம் நிறுத்துப் போட்டு, குலுக்கி, ஒன்றரை மில்லிமீட்டர் கண்ணாடிக் குழாயில் ஏற்றினோம். அறைக்குள் யாரும் இல்லையென்று சுற்றிப் பார்த்து, பொத்தானை அழுத்தி, ஈயக் கதவை இழுத்துச் சாத்த, சங்கு ஊதியது.

பாலுக்கு வெள்ளை நிறம் கொடுப்பதில் கேசீன் உருண்டைகளுக்குப் பெரும் பங்கு. ஒவ்வொன்றும் நூறு, இருநூறு நானோமீட்டர். அவற்றுக்குள் பொட்டுப் பொட்டாகக் கால்சியம் பாஸ்பேட் துணுக்குகள், சில நானோமீட்டர் அளவு. எக்ஸ்ரே எந்தக் கோணத்தில் எவ்வளவு சிதறுகிறது என்று காட்டும் வளைகோட்டில் ஒட்டகத் திமில்போல ஒரு மேடு வருகிறதே, அது அந்தத் துணுக்குகளால் என்றுதான் பலரும் கொள்கிறார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை. பால் புளிக்கப் புளிக்கத் துணுக்குகள் கரையும், திமில் தேயும். அதைக் கண்ணால் பார்ப்பதுதான் அன்றைய இரவின் வேலை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு படம், ஒவ்வொன்றுக்கும் பத்து மில்லிசெகண்டு வெளிச்சம். அதற்கு மேல் காட்டினால் எக்ஸ்ரே புரதத்தையே வதக்கிவிடும். ஒரே இடத்தில் திரும்பச் சுடக்கூடாது, ஒவ்வொரு தடவையும் குழாயைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும். மென்மையான பொருளில் இதுதான் தொல்லை. உற்றுப் பார்த்தாலே காயம் பட்டுவிடும்.

பன்னிரண்டரைக்கு எல்லாரும் காபி மெஷினுக்குப் போனார்கள், நான் காவல். படங்கள் வரிசையாக வந்தன. ஒரே மாதிரி, இருட்டாக. ‘நன்றாக நிலைத்திருக்கிறது’ என்று நோட்டில் எழுதிக்கூட வைத்தேன். போலந்துப் பையன் திரும்பி வந்து திரையைப் பார்த்து, என்னைப் பார்த்து, மெதுவாகச் சொன்னான்: “ஷட்டர் மூடியிருக்கிறது.” இருபத்தைந்து நிமிஷம் நான் வெறும் இருட்டைப் படம் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். காது சூடாகிவிட்டது. பொறுப்பாளர் கத்தவில்லை. “இங்கே எல்லாரும் ஒரு தடவை செய்வார்கள். செய்தவர்கள் காலையில் குரோசான் வாங்க வேண்டும்” என்றாள், அவ்வளவுதான்.

புதுக் குழாய் ஏற்றி மறுபடி முதலிலிருந்து. அதே பாலில் ஒரு சோதனைக் குழாயை 30 டிகிரித் தண்ணீரில் பக்கத்தில் வைத்திருந்தோம். அதில் பிஹெச் அளவு 6.7இல் தொடங்கி இறங்கிக்கொண்டே வந்தது. மூன்றரை மணி இருக்கும், எல்லாரும் அரைத் தூக்கம். நான் குழாயை எடுத்துச் சாய்த்தேன். விளிம்பில் ஒரு சின்னத் தளும்பல். “தோயலை” என்றேன் தமிழிலேயே. கால் மணி கழித்து மறுபடி சாய்த்தேன். அசையவில்லை. பிஹெச் 5.1. திரையில் திமில் இருந்த இடம் வழுக்கை. வளைகோட்டின் இடது கோடியில் மட்டும் அளவு ஏறிக்கொண்டிருந்தது. உருண்டைகள் கைகோத்து வலையாகின்றன. பிரேசில் பெண் என் தோளைக் குலுக்கினாள்.

எனக்கு ஒரே ஒரு குறை. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தேன். ஒன்றுமில்லை. பார்க்கத் தயிர், வாசனை கிடையாது.

மார்ச் 14, வியாழன்

குரோசான் ஆளுக்கொன்று 1.20 யூரோ. ‘பொன்ழூர்’ முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மூன்று மணி நேரத் தூக்கத்தோடு நியூட்ரான் பக்கம். அதன் மாயம் கனநீரில் இருக்கிறது, அதாவது ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வகையான டியூட்டீரியம் உள்ள தண்ணீர். வெந்த ஜவ்வரிசி பாயசத்தில் கண்ணுக்குப் படாது இல்லையா, அந்த மாதிரி. சாதாரணத் தண்ணீரையும் கனநீரையும் சரியான விகிதத்தில் கலந்தால் நியூட்ரானுக்குப் புரதம் மட்டும் காணாமல் போகும். கனநீர் 42 சதவீத வாக்கில் இருந்தால் கேசீன் மறையும், மிச்சம் இருப்பது மட்டும் தெரியும். டியூட்டீரியத்தை மாற்றி மாற்றிப் போட்டு எதை மறைக்கலாம், எதைக் காட்டலாம் என்று விளையாடுகிறார்கள். கனநீர் பாட்டிலைப் பார்த்ததும் தூத்துக்குடி ஞாபகம் வந்தது. அங்கே ஒரு கனநீர் ஆலையே போட்டிருந்தார்கள். வெளியே வரும்போது கை கால் வைத்துக் கதிர்வீச்சு அளக்கும் மெஷினில் ஏறி நின்றேன். பச்சை விளக்கு எரியும்வரை மூச்சு விடவில்லை. தேவையே இல்லாத பயம்.

கேன்டீனில் கிராத்தான் தொஃபினுவா. உருளைக்கிழங்கை மெல்லிசாகச் சீவி, பாலும் கிரீமும் பூண்டும் போட்டு மணிக்கணக்கில் வேக வைப்பது. இந்த வட்டாரத்துச் சொந்தப் பண்டம். உப்பு, காரம் எதுவுமில்லை, ஆனால் தொண்டையில் இறங்கும் விதம் அப்படி. பக்கத்துத் தட்டில் சீஸ் போடலாமா கூடாதா என்று இரண்டு பேர் நிஜமாகவே சண்டை போட்டார்கள்.

மார்ச் 15, வெள்ளி

மழை. நாள் முழுக்க வளைகோடுகளுக்குச் சமன்பாடு பொருத்தினோம். கொதித்த பாலுக்கும் புதிய பாலுக்கும் வித்தியாசம் இருக்கிறது, எவ்வளவு என்பதில் எங்கள் குழுவுக்குள்ளேயே மூன்று பதில்.

சாயங்காலம் பெட்டி வந்தது. தெர்மோகோல் நொறுங்கி, டப்பா திறந்துகொண்டு, கேசீன் பொடி பருப்புப் பொடியோடு இரண்டறக் கலந்திருந்தது. நாலு மாத உழைப்பு இப்போது பெருங்காய வாசனை அடிக்கிறது.

மார்ச் 16, சனி

மழை விட்டு, பளிச்சென்று வெயில். 1934இலிருந்து ஓடும் கேபிள் காரில் பாஸ்டிய் கோட்டைக்கு. கண்ணாடிக் குமிழ்கள் கொத்தாக ஆற்றுக்கு மேல் போகின்றன. மேலிருந்து பார்த்தால் ஆறுகள் கூடும் மூலையில் வளையமும், பக்கத்தில் அணு உலைக் கட்டடமும். அந்த ராட்சச வளையத்துக்குள் ஒரு சொட்டுப் பாலை வைத்து இரவு முழுக்க விழித்திருந்தோம் என்று நினைத்தால் சிரிப்பாக வந்தது.

முறுக்கு பிழைத்திருந்தது. கோட்டைச் சுவரில் உட்கார்ந்து நாலு பேரும் தின்றோம். போலந்துப் பையன் ஒன்றை வெயிலில் தூக்கிப் பிடித்து, “இதற்கும் எக்ஸ்ரே எடுத்தாயா?” என்றான். வங்காளத்துப் பையன் எட்டு முறுக்கு.

மார்ச் 17, ஞாயிறு

ரயிலில் மூன்று மணி நேரம், பாரிஸ். விமானம் ராத்திரிதான். ஈஃபில் கோபுரத்துக்குப் போகத் தெம்பில்லை, நேரே லா ஷாப்பெல். மெட்ரோ படியேறியதுமே தமிழ்ப் பலகைகள், நகைக்கடை, புடவைக்கடை, மூக்கில் கறிவேப்பிலை. ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில், அந்த டாக்கோஸ் கடைக்குப் பிறகு முதல் முறையாகப் ‘பொன்ழூர்’ சொல்லாமல் நுழைந்தேன்.

“வாங்கோ, இருங்கோ. எங்கயிருந்து வாறியள் பிள்ளை?”

“மதுரைங்கண்ணா.”

“பாரிஸ் பாக்க வந்தனீங்களோ?”

“இல்லண்ணா, கிரெனோபிள்ல ஒரு பயிற்சி. பால் எப்படித் தயிராகுதுன்னு எக்ஸ்ரே வச்சுப் பார்க்கிறது.”

வடை எடுத்துக்கொண்டிருந்த இடுக்கி நின்றது. “தயிரோ? அதுக்கோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?” உள்ளே திரும்பி, “இஞ்ச கேட்டீரே, தயிர் பாக்க வந்திருக்கிறா!” என்று மனைவியிடம் சொன்னார். அந்த அம்மா சிரித்தபடி வந்து ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தை மேஜையில் வைத்தார். “நாங்கள் போட்டது, இதையும் பாருங்கோ.” காசு வாங்கவில்லை.

பழக்கதோஷம், கிண்ணத்தைச் சாய்த்தேன். அசையவில்லை. மூடியைத் திறந்தேன். அதே புளிச்ச வாசனை.